நினைவுக்கல் திறந்தாயிற்று, தியேட்டர் எப்போது திறக்கும்?

சில வருடங்களுக்கு முன்னர் ஊரொன்றின் வைத்தியசாலைக்குப் போயிருந்தேன். ஊரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் இங்கு அவசியமில்லை. மூன்று மாடிக் கட்டடம், புதுப் பூச்சு, வாசலில் பளிங்கு நினைவுக்கல். திறப்பு விழா நடந்து பதினொரு மாதம் கழிந்திருந்தது. இரண்டாம் மாடியில் இருந்த சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே மேசை, விளக்கு, மயக்க மருந்து இயந்திரம் யாவும் பொலித்தீன் உறையோடு இருந்தன. கட்டடத்தின் பின்புறம், நல்லுள்ளம் கொண்ட ஒருவர் வாங்கிக்கொடுத்த ஜெனரேட்டர் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. கீழே பழைய கட்டடத்தில் சத்திரசிகிச்சைக்கு எழுதப்பட்ட நோயாளர்கள், அடுத்த மாவட்டத்துக்குச் செல்ல அம்பியூலன்ஸை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

காரணம் எளிது. அந்தக் கட்டடத்துக்குப் போதிய மின்சாரம் இல்லை. அதைக் கட்டத் தொடங்கும் முன்னர் எவரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை.

நான் கட்டடங்களின் இயந்திர, மின் வேலைகளைப் பார்க்கும் பொறியியலாளன். வளைகுடாவில் சில வருடங்களும் பிறகு நாட்டிலும் இந்தத் தொழிலைச் செய்து வருகிறேன். வைத்தியசாலை விஸ்தரிப்பு என்றதும் எமது ஊர்களில் அறை எத்தனை, கட்டில் எத்தனை என்ற பேச்சே முதலில் எழுகிறது. சுவருக்குள்ளும் கூரைத் தட்டுக்கு மேலும் ஓடும் கம்பி, குழாய், காற்றுப்பாதை பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் வைத்தியசாலைக் கட்டடமொன்றின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வேலைகளுக்கே போவது வழமை. அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களும், பள்ளிவாசல் நிர்வாகிகளும், வெளிநாட்டில் உழைத்து ஊருக்கு அள்ளிக்கொடுப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய சில அடிப்படைகளை இங்கு எழுதுகிறேன்.

மின்சாரம்: முதலில் சுமைக் கணக்கு

நான் சொன்ன வைத்தியசாலையில் ஏற்கெனவே இருந்தது 160 கேவிஏ மின்மாற்றி. பகல் பதினொரு மணிக்கு அதன் சுமை 130ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய கட்டடத்தில் நாற்பது ஏசிகள். ஒன்றரைத் தொன் ஏசி ஒன்று ஏறத்தாழ 1.7 கிலோவொட் எடுக்கும். ஏசிகளுக்கு மட்டுமே 68 கிலோவொட் வேண்டும். அதன்மேல் லிப்ட், உபகரணங்களைக் கிருமிநீக்கும் ஒட்டோகிளேவ், தியேட்டருக்கான காற்று இயந்திரம், நீர்ப்பம்பிகள். மிச்சமிருந்த 30 கேவிஏ எந்த மூலைக்கும் காணாது.

புதிய மின்மாற்றிக்கு மின் விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, கால அவகாசம் உண்டு, சில வேளை உயரழுத்தக் கம்பியை நீட்டவும் வேண்டும். இதை அத்திவாரம் போடும்போதே தொடங்கியிருந்தால் கட்டடமும் மின்சாரமும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கும். திறப்பு விழாவுக்குப் பிறகு தொடங்கியதால் ஒரு வருடம் வீணானது.

சி.ரி. ஸ்கேன் போன்ற இயந்திரங்கள் வேறு விதமானவை. படம் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் 100 கேவிஏ அளவில் இழுக்கும். அதைத் தாங்கும் தடித்த கேபிள் இல்லாவிட்டால் முழுக் கட்டடத்தின் விளக்கும் மங்கி எரியும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் குளிரூட்டி இரவு பகலாக ஓட வேண்டும். இயந்திரம் வாங்கும் முன்னரே அதன் மின்தேவைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குவது நன்று.

மின்தடை வரும் நொடிகள்

2020 ஓகஸ்ட் 17ஆம் திகதியும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது தடவை பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கைப் பற்றி உலகமே பேசியது. நாம் சிரித்தோம். அந்த நேரம் வயிறு திறந்த நிலையில் தியேட்டர் மேசையில் ஒருவர் இருந்திருந்தால் அவரது குடும்பம் சிரித்திருக்காது.

வைத்தியசாலை மின்சாரம் பற்றிய சர்வதேச நியமம் தேவைகளைத் தரம் பிரிக்கிறது. சத்திரசிகிச்சை மேசைக்கு மேலுள்ள விளக்கு அரை நொடிக்குள் திரும்ப எரிய வேண்டும். உயிர்காக்கும் ஏனைய இணைப்புகளுக்கு 15 நொடி அவகாசம். அமெரிக்க நியமம் 10 நொடி என்கிறது. ஜெனரேட்டர் எவ்வளவு நல்லதென்றாலும் அரை நொடியில் எழும்பாது. ஆகவே அந்த இடைவெளியை நிரப்ப பற்றரியோடு கூடிய யூபிஎஸ் வேண்டும். மின்சாரம் போனதை உணர்ந்து, ஜெனரேட்டரை இயக்கி, சுமையைத் தானாக மாற்றும் சேஞ்ச்ஓவர் பெனலும் வேண்டும். தார்ப்பாய்க்குள் கிடந்த ஜெனரேட்டருக்கு அந்தப் பெனல் வாங்கப்படவில்லை. எந்தச் சுமையை அதில் போடுவது என்று வயரிங் பிரிக்கப்படவும் இல்லை. விலைப்பட்டியலில் ‘ஜெனரேட்டர் – 1’ என்று மட்டும் இருந்தது.

எரிபொருளையும் மறக்கக் கூடாது. 100 கேவிஏ ஜெனரேட்டர் முக்கால் சுமையில் ஓடினால் மணிக்கு 15 லீற்றருக்கு மேல் டீசல் குடிக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. அப்படியொரு நாளுக்கு 200 லீற்றர் வேண்டும். அதே காலத்தில் டீசலுக்கு வரிசை எவ்வளவு நீண்டிருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஜெனரேட்டரை மாதம் ஒரு தடவையாவது உண்மையான சுமையோடு ஓட்டிப் பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில் அது எழும்பும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

தியேட்டர் மின்சாரம் வீட்டு மின்சாரம் போன்றதல்ல

வீட்டில் எங்கோ மின்சாரம் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து உயிரைக் காப்பாற்றும். 30 மில்லி அம்பியர் கசிவே அதற்குப் போதும். ஆனால் சத்திரசிகிச்சை நடக்கும்போது ஏதோ ஒரு கருவியில் சிறு கசிவு ஏற்பட்டு ட்ரிப் விழுந்தால், அந்தச் சுவிட்ச்சே ஆளைக் கொன்றுவிடும். நோயாளியின் இதயத்துக்குள் மெல்லிய குழாய் சென்றிருக்கும் வேளையில், தோலில் உணரவே முடியாத மைக்ரோ அம்பியர் அளவுக் கசிவும் இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும்.

ஆகவேதான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் தனியான மின்மாற்றியொன்றின் ஊடாக, நிலத்தோடு இணைக்கப்படாத மின்சாரம் கொடுக்கப்படுகிறது. முதல் கசிவு ஏற்பட்டாலும் அது அறுந்துவிடாது. காவல் கருவியொன்று அலாரம் மட்டும் எழுப்பும். வைத்தியர் வேலையை முடிப்பார், பிறகு மின்னியலாளர் கோளாறைத் தேடுவார். இதைத் தெரியாத ஒப்பந்தக்காரர் தியேட்டருக்கும் வீட்டுக்குப் போடும் வயரிங்கையே போட்டுவிட்டுப் போவார். சுவர் பூசிய பிறகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

காற்று: மூடிய ஜன்னல்களின் விலை

நமது பழைய வைத்தியசாலை விடுதிகளைக் கவனித்துப் பாருங்கள். உயரமான கூரை, இருபக்கமும் பெரிய ஜன்னல்கள், வெளியே விறாந்தை. அதைக் கட்டியவர்கள் காரணத்தோடுதான் கட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண விடுதியில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லீற்றர் புதிய காற்றும், காசநோய் போன்று காற்றில் பரவும் நோயாளிகள் உள்ள அறைகளில் 160 லீற்றரும் வேண்டும் என்கிறது. திறந்த ஜன்னல்கள் இந்த அளவை இலவசமாகத் தரக்கூடியவை.

புனரமைப்பு என்ற பெயரில் நாம் செய்வது என்ன? கூரைத் தட்டு அடித்து உயரத்தைக் குறைக்கிறோம். ஜன்னலுக்கு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு மூடுகிறோம். சுவரில் நான்கு ஏசி மாட்டுகிறோம். பார்க்க ஹோட்டல் போல இருக்கும். ஆனால் சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே குளிர்த்துத் திரும்ப விடுகிறது. முதல் கட்டிலில் இருமியவரின் மூச்சைப் பதினெட்டாம் கட்டிலில் இருப்பவர் பங்குபோட்டுக்கொள்கிறார். விடுதியை மூடுவதென்றால் வெளிக்காற்றை வடிகட்டிக் கொண்டுவரும் இயந்திரமும் பொருத்த வேண்டும். அதற்குப் பணமில்லையா? ஜன்னலையும் மின்விசிறியையும் விட்டுவையுங்கள், அதுவே மேல்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வேறு விதி. அங்கு மணிக்கு 20 தடவை அறையின் காற்று முழுவதும் மாற வேண்டும், அதில் நான்கு தடவைக்குரிய பங்காவது வெளிக்காற்றாக இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க நியமம். அறையின் அழுத்தம் வெளியை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், கதவு திறக்கும்போது காற்று வெளியே தள்ளும், விறாந்தையின் தூசி உள்ளே வராது. தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்தும் அறையில் இது நேர்மாறு: அழுத்தம் குறைவாக இருந்து காற்று உள்ளே இழுபட வேண்டும். இரண்டையும் மாறிப் பொருத்தினால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். ஒரு துண்டுக் கடதாசியைக் கதவடியில் பிடித்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். ஒப்படைக்கும் நாளில் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஒட்சிசன்: குழாயின் பருமனும் ஒரு உயிர்

கொவிட் காலத்தில் ஒட்சிசன் என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது. சிலிண்டர் சேகரிக்க எத்தனை பேர் ஓடினார்கள் என்பதை நான் நேரில் கண்டவன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஆளுயரப் பெரிய சிலிண்டரொன்றில் சுமார் 7,000 லீற்றர் வாயு இருக்கும். மூச்சுத்திணறல் கடுமையான ஒருவருக்கு மூக்கு வழியாக உயர் வேகத்தில் கொடுத்தால் நிமிடத்துக்கு 60 லீற்றர் வரை போகும். அந்தச் சிலிண்டர் இரண்டு மணித்தியாலம்கூட நிற்காது. திரவ ஒட்சிசன் ஒரு லீற்றரோ வாயுவாகும்போது ஏறக்குறைய 860 லீற்றராகும். பெரிய வைத்தியசாலைகள் திரவத் தாங்கி வைத்திருப்பது இதனால்தான்.

தாங்கி மட்டும் போதாது. இரண்டு மூன்று பேருக்கென்று போட்ட மெல்லிய குழாயில் பத்துப் பேரை இணைத்தால் கடைசிக் கட்டிலில் அழுத்தம் விழும். வழமையாக இக்குழாய்களில் 4 பார் அழுத்தம் இருக்கும். விடுதியை விஸ்தரிக்கும்போது பழைய குழாயின் நுனியில் இன்னொரு துண்டை ஒட்டி நீட்டுவது மிக மலிவான வழி. ஆபத்தான வழியும் அதுதான். செப்புக் குழாயை ஒட்டும்போது உள்ளே நைதரசன் செலுத்தாவிட்டால் கரி போன்ற துகள் படிந்து, பிறகு அது கருவிக்குள் வரும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டிலின் இணைப்பிலும் வருவது ஒட்சிசன்தானா என்று கருவி வைத்து அளந்து, எழுதி, கையெழுத்திட வேண்டும். குழாய் மாறிய சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. நோயாளி இறந்த பிறகுதான் அவை தெரியவந்தன.

நீர்: டயலிசிஸ் இயந்திரம் தனியே வராது

நமது சமூகத்தில் இன்று அதிகம் அன்பளிப்புச் செய்யப்படும் கருவிகளில் டயலிசிஸ் இயந்திரமும் ஒன்று. நல்ல காரியம். ஆனால் அந்த இயந்திரம் நிமிடத்துக்கு அரை லீற்றர் கரைசலை ஓட்டும். நான்கு மணித்தியாலச் சிகிச்சைக்கு 120 லீற்றர். சுத்திகரிப்பில் கழிந்து போவதையும் சேர்த்தால் குழாய்நீர் அதைவிடக் கூடுதலாக வேண்டும். நாம் குடிக்கும் நீர் இதற்கு ஆகாது. வயிறும் குடலும் வடிகட்டும் நச்சை இங்கே வடிகட்ட ஒன்றுமில்லை, மெல்லிய சவ்வொன்றின் மறுபக்கம் நோயாளியின் இரத்தம். நீரிலுள்ள குளோரினை நீக்கும் கரி வடிகட்டியும், ஆர்.ஓ. எனப்படும் சுத்திகரிப்புத் தொகுதியும், தொடர்ச்சியான பரிசோதனையும் கட்டாயம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயலிசிஸ் நீரில் கலந்திருந்த பாசி நச்சினால் 50இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் இறந்தார்கள். இயந்திரத்தில் பிழையில்லை. நீரில்தான் பிழை.

ஐந்து இயந்திரம் கொடுக்கப் பணம் சேர்ந்தால், மூன்று இயந்திரமும் ஒரு நல்ல ஆர்.ஓ. தொகுதியும் கொடுங்கள் என்பதே எனது தாழ்மையான ஆலோசனை.

வெள்ளமும் தீயும்

2012 ஒக்டோபரில் சாண்டி புயல் நியூயோர்க்கைத் தாக்கியபோது, அந்நகரின் பிரபல பல்கலைக்கழக வைத்தியசாலையொன்று இருளில் மூழ்கியது. எரிபொருள் பம்பிகள் நிலக்கீழ் மாடியில் வெள்ளத்துக்குள் அகப்பட்டிருந்தன. 300இற்கும் மேற்பட்ட நோயாளர்களை, பச்சிளம் குழந்தைகள் உட்பட, இருட்டில் படிவழியாகச் சுமந்து இறக்கினார்கள். எமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2004 சுனாமியில் காலி மகாமோதர மகப்பேற்று வைத்தியசாலை பாதிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கரையோர ஊர்களிலும் ஆற்றோர ஊர்களிலும் மின்பெனல், ஜெனரேட்டர், எரிபொருள் பம்பி மூன்றும் வெள்ளம் தொடாத உயரத்தில் இருக்க வேண்டும். ஊரில் மூத்தவர்களிடம் கேட்டால், வெள்ளம் எதுவரை வந்ததென்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

தீயைப் பொறுத்தவரை சுவாலையை விடப் புகையே அதிகம் கொல்கிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் தனியார் வைத்தியசாலையொன்றில் நிலக்கீழ் மாடியில் பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி ஏறக்குறைய 90 பேரின் உயிரைக் குடித்தது. 2021 ஏப்ரலில் பக்தாத்தில் கொவிட் நோயாளர் இருந்த வைத்தியசாலையில் ஒட்சிசன் சிலிண்டர்கள் வெடித்து 80இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காற்றுக் குழாயும் கேபிளும் ஒரு மாடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஓட்டைகளைத் தீத்தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். காற்றுக் குழாய்க்குள் சூட்டில் தானாக மூடும் தட்டு வேண்டும். இவை விலையில் சிறியவை. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுபவையும் இவையே.

நோயாளி உள்ளே இருக்கும்போது செய்யும் வேலை

புதிய கட்டடத்தை விடப் பழையதைத் திருத்துவது கடினம். கடையைத் திருத்துவதென்றால் மூடிவிட்டுத் திருத்தலாம். வைத்தியசாலையை மூட முடியாது. சுவர் உடைக்கும் தூசியில் பூஞ்சண வித்துகள் பறக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு அது மரண ஆபத்து. வேலை நடக்கும் பகுதியைத் தடுப்புப் போட்டு மூடி, காற்றை வெளியே இழுத்துவிட வேண்டும். மின்சாரத்தையோ நீரையோ வாயுவையோ நிறுத்துவதென்றால், எந்த விடுதி, எத்தனை மணிக்கு, மாற்று ஏற்பாடு என்ன என்று எழுதி, பொறுப்புத் தாதியின் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒருமுறை ஆண்கள் விடுதியொன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். குழாய்களின் வரைபடம் வைத்தியசாலையில் எவரிடமும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த குழாயைப் பின்தொடர்ந்து சென்று, இந்த ஒட்சிசன் வால்வு இந்த விடுதிக்குரியதே என்று நான் முடிவுகட்டினேன். காலை ஒன்பது மணிக்கு மூடச் சொல்லிக் கடிதமும் கொடுத்தேன். எனது ஆள் வால்வில் கைவைத்த நேரம், ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த சிற்றூழியர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார்.

“சேர், அத மூடாதீங்க. அதுலருந்துதான் புள்ளைகள்ட வார்டுக்கும் போகுது.”

“இல்ல நானா, அதுக்குக் குழாய் அந்தப் பக்கத்தால வருது.”

“அது பழைய குழாய் சேர். அது அடைபட்டு எத்தினையோ வருசம். நான்தான் ஏணி புடிச்சிட்டு நின்ட.”

மேலே ஏறிக் கூரைத் தட்டைக் கழற்றிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்கு அதிலிருந்துதான் கிளைக்குழாய் போயிருந்தது. அன்று அங்கே நான்கு குழந்தைகள் ஒட்சிசனில் இருந்தன. கடிதத்தில் இருந்தது எனது கையெழுத்து. வரைபடம் இல்லை என்று தெரிந்தும் வேலையை நிறுத்தி முழுக் குழாயையும் தேடாதது எனது பிழை. அன்றிலிருந்து நான் பழைய வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது, அங்கு நீண்ட காலம் வேலை செய்த மின்னியலாளரையும் சிற்றூழியரையும். அவர்கள் சொல்வதை வரைபடமாக்கிய பிறகுதான் மற்ற வேலை.

கொடுப்பவர்களும் குழுக்களும் கேட்க வேண்டியவை

அடிக்கல் நாட்டும் முன்னர் இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் எழுப்புங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

1. புதிய கட்டடத்தின் மொத்த மின்சுமை எவ்வளவு? இருக்கும் மின்மாற்றி தாங்குமா? மின் விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா?

2. மின்சாரம் நின்றால் எவை அரை நொடியிலும் எவை 15 நொடியிலும் திரும்ப வரும்? ஜெனரேட்டருக்கு எத்தனை மணித்தியால டீசல் இருப்பில் இருக்கும்?

3. ஒவ்வொரு அறைக்கும் வெளிக்காற்று எங்கிருந்து வரும்?

4. ஒட்சிசன் குழாயின் அளவு எத்தனை கட்டிலுக்குக் கணக்கிடப்பட்டது? வேலை முடிந்ததும் யார் பரிசோதித்துக் கையெழுத்திடுவார்?

5. வெள்ளம் வந்தால் பெனலும் பம்பியும் எந்த உயரத்தில் இருக்கும்?

6. இயந்திரத்தை இயக்குபவர் யார், திருத்துபவர் யார், ஐந்து வருடப் பராமரிப்புக்குப் பணம் எங்கே? வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழா, மாகாண சபையின் கீழா என்பதைப் பொறுத்து இதற்குரிய பதில் மாறும்.

7. கட்டி முடித்த நிலையின் வரைபடங்கள் வைத்தியசாலையின் கையில் ஒப்படைக்கப்படுமா?

நிலைத்திருக்கும் தர்மம் என்றுதான் நம்மவர்கள் வைத்தியசாலைக்குக் கொடுக்கிறார்கள். கேபிளுக்கும் வடிகட்டிக்கும் சேஞ்ச்ஓவர் பெனலுக்கும் கொடுத்தவரின் பெயரை எவரும் பளிங்கில் பொறிப்பதில்லை. அவை இல்லாமல் பெயர் பொறித்த அறை திறக்காது. கட்டடத்துக்குச் சேர்த்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைக்க நமது ஊர்க் குழுக்கள் தீர்மானித்தால், அதுவே பெரிய காரியம்.

பூட்டிக் கிடந்த அந்தத் தியேட்டர் பிறகு திறந்தது. புதிய மின்மாற்றி வந்தது, தார்ப்பாய் கழன்றது. முதல் வாரமே அங்கு நடந்த சத்திரசிகிச்சையில் ஒரு தாயும் பிள்ளையும் நலமாக வீடு சென்றார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முந்திய பதினெட்டு மாதங்களில் அம்பியூலன்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் கணக்கை எவரும் வைத்திருக்கவில்லை.